மேல்வயிற்றில் கடினமான கட்டி: கண்டுபிடிப்பதிலிருந்து சிகிச்சை வரை

மேல்வயிற்றில் ஏதோ தட்டுப்பட்டதும் பலருக்கும் முதலில் வரும் கேள்வி, "கல்லு மாதிரி இருக்கே, புற்றுநோயா இருக்குமோ?" என்பதுதான். பயம் நியாயமானது. ஆனால் கடினமாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதியில் கைக்குத் தட்டுப்படுவதிலேயே மிகக் கடினமானது நெஞ்செலும்பின் நுனி. அது பிறந்ததிலிருந்தே நம்மோடு இருப்பது. அதே இடத்தில் அவ்வளவு கடினமில்லாமல் துடித்துக்கொண்டிருக்கும் ஒரு வீக்கம் உயிருக்கே ஆபத்தானதாக இருக்கலாம்.

ஆகவே முதலில் தெரிய வேண்டியது வேறு. கட்டி வயிற்றுச் சுவரில், அதாவது தோல், கொழுப்பு, தசை ஆகியவற்றில் இருக்கிறதா? அல்லது சுவருக்குப் பின்னால் ஏதோ ஓர் உறுப்பிலிருந்து வருகிறதா? இந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்தால் சாத்தியங்களில் பாதி அடிபட்டுவிடும்.

முதலில் ஒரு எச்சரிக்கை

கீழே சொல்லப்படுபவற்றில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

- கட்டி திடீரென்று வலித்து, உள்ளே தள்ளினால் போகாமல், மேல்தோல் சிவந்தோ கருத்தோ இருப்பது. கூடவே வாந்தி, வயிறு உப்புதல், மலமும் வாயுவும் போகாமல் நிற்பது
- துடிக்கும் கட்டியுடன் முதுகிலோ விலாப்பக்கத்திலோ கடும் வலி, மயக்கம், வியர்வை
- ரத்த வாந்தி, அல்லது தார் போலக் கறுத்த மலம்
- குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல், அதோடு மஞ்சள் காமாலை
- அடிபட்ட பிறகு, குறிப்பாக இடது விலாவுக்குக் கீழே, தோன்றிய வலியும் வீக்கமும்

இப்படிப் போகும்போது எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் போவது நல்லது. உடனே அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்க அது உதவும்.

படி 1: வீட்டில் படுத்துப் பாருங்கள்

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, வயிற்றைத் தளர்த்துங்கள். விரல் நுனியால் குத்தாமல் விரல்களின் தட்டையான பகுதியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: நெஞ்சுக்குழியின் நடுவிலா, வலது விலாவின் கீழா, இடது விலாவின் கீழா, தொப்புளுக்குச் சற்று மேலா?

இப்போது கையை ஊன்றாமல் தலையையும் தோளையும் மட்டும் மெல்ல உயர்த்துங்கள். வயிற்றுத் தசை இறுகும். கட்டி அப்படியே தெரிந்தாலோ முன்னைவிடத் துருத்திக்கொண்டு வந்தாலோ அது சுவரில் இருக்கிறது என்று பொருள். மங்கி மறைந்துபோனால் அது தசைக்குப் பின்னால், உள்ளே இருக்கிறது. வலிக்கும் இதே கணக்குதான்: தசையை இறுக்கும்போது தொட்டால் வலி கூடினால் சுவரில் பிரச்சினை, குறைந்தால் உள்ளே. கார்னெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1926இல் எழுதிய சோதனை இது. ஸ்கேன் கருவிகள் வந்து இத்தனை காலம் ஆன பின்பும் மருத்துவர்கள் இதை விடவில்லை, காரணம் இதற்குப் பத்து நொடிகூட ஆகாது.

அப்புறம் எழுந்து நின்று இருமிப் பாருங்கள். இருமும்போது வெளியே தள்ளி, படுத்ததும் உள்ளே போனால் அது குடலிறக்கமாக, அதாவது ஹெர்னியாவாக இருக்கலாம். ஆழமாக மூச்சை இழுங்கள்: மூச்சோடு கீழிறங்கும் கட்டி பெரும்பாலும் கல்லீரல், மண்ணீரல், பித்தப்பை ஆகியவற்றைச் சேர்ந்தது. உதரவிதானம் இறங்கும்போது அவற்றையும் தள்ளிக்கொண்டு போகிறது. கடைசியாக, கையை அசையாமல் வைத்து, துடிப்பு இருக்கிறதா என்று கவனியுங்கள்.

இவ்வளவு போதும். தினமும் அழுத்தி அழுத்திப் பார்ப்பதால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. சுற்றியுள்ள இடம் புண்பட்டு, அந்த வலியே புது பயத்தைக் கிளப்பும். அளவைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஒரு ஸ்கேலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 2: சுவரில் இருப்பவை

நெஞ்சுக்குழியின் உச்சியில், இரு பக்க விலாக்களும் கூடும் இடத்தில், நட்ட நடுவே அசையாத கடினமான முனை ஒன்று தட்டுப்படுகிறதா? அது நெஞ்செலும்பின் அடிநுனியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இளம் வயதில் குருத்தெலும்பாக இருந்து, நடுத்தர வயதுவாக்கில் எலும்பாக இறுகுகிறது. சிலருக்கு அது முன்பக்கமாக வளைந்திருக்கும். உடல் எடை குறைந்தவுடன், அதுவரை கொழுப்பு மூடியிருந்த இந்த முனை "புதிதாக முளைத்த கட்டி" போலத் தெரியத் தொடங்கும். அடிபடுதலாலோ அதிக எடை தூக்குவதாலோ அங்கே வலியும் வரலாம். வலி மாத்திரையும் ஓய்வும் பெரும்பாலும் போதும். அடங்காவிட்டால் அந்த இடத்தில் ஊசி போடுவார்கள். அதை வெட்டி எடுப்பது மிக அரிது.

அதற்குக் கீழே, தொப்புள் வரையிலான நடுக்கோட்டில் பட்டாணி அளவோ கோலி அளவோ ஒரு கட்டி இருந்தால், மேல்வயிற்று ஹெர்னியாவைச் சந்தேகிக்க வேண்டும். இரு பக்க வயிற்றுத் தசைகளும் சேரும் வெண்மையான நார்ப்பட்டையில் சிறு ஓட்டை விழுந்து, அதன் வழியாக உள்ளிருக்கும் கொழுப்பு பிதுங்குகிறது. பெயர் குடலிறக்கம் என்றாலும் இங்கே பெரும்பாலும் குடல் வருவதில்லை. கொழுப்பு சிக்கிக்கொண்டு கெட்டியாக இருப்பதால் உள்ளே தள்ளினாலும் போகாது. ஓட்டை சின்னதாக இருக்கும்; வலியோ அதற்குப் பொருத்தமில்லாமல் பெரிதாக இருக்கும். சாப்பிட்டதும் நெஞ்சுக்குழியில் வலி என்று அல்சர் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கிவிட்டுக் கடைசியில் இதைக் கண்டுபிடிப்பதும் நடக்கிறது. நடுக்கோட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட ஓட்டைகள் இருக்கலாம் என்பதால், ஒன்று கிடைத்ததும் மருத்துவர் மேலும் தேடுவார்.

படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புள் வரை நீளவாக்கில் ஒரு மேடு எழும்பினால் அது ஹெர்னியா இல்லை. இரண்டு நேர்தசைகளும் விலகி, நடுப்பட்டை தொளதொளத்துப் போயிருக்கிறது. இடைவெளி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் தசை விலகல் என்பார்கள். பிரசவத்துக்குப் பின் பெண்களுக்கும் தொப்பை உள்ள ஆண்களுக்கும் இது சகஜம். ஓட்டை இல்லாததால் எதுவும் சிக்கிக்கொள்ளாது, அவசரமும் இல்லை. பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் பயிற்சிகளில் பலருக்குப் பலன் கிடைக்கும்.

கொழுப்புக்கட்டி தோலுக்குக் கீழே மெத்தென்று நழுவும். அதைக் கடினமான கட்டி என்று சொல்ல முடியாது. தோலோடு ஒட்டி, நடுவில் சிறு கரும்புள்ளியுடன் இருந்தால் அது தோல்நீர்க்கட்டி. இரண்டுமே தீங்கற்றவை. ஆனால் கொழுப்புக்கட்டி என்று நினைத்தது 5 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, தசையோடு பிடித்துக்கொண்டு அசையாமல் கெட்டியாக இருந்தாலோ, கொழுப்பு, தசை போன்றவற்றில் வரும் திசுப் புற்றாக இருக்கலாமோ என்று படமெடுத்துப் பார்த்தே தீர வேண்டும். அதற்கு முன் "சும்மா வெட்டி எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். திசுப் புற்றை அரைகுறையாக எடுப்பது பின்னால் வரும் சிகிச்சையைக் கெடுத்துவிடும்.

இன்னும் இரண்டு உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் பலமாக இருமிய பிறகு வயிற்றின் ஒரு பக்கம் திடீரெனக் கெட்டியான வலியுள்ள கட்டி வந்தால், தசைக்குள் ரத்தம் கட்டியிருக்கலாம். அன்றே காட்ட வேண்டும். மருந்தைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. மற்றொன்று டெஸ்மாய்டு எனும் நார்க்கட்டி. கர்ப்பத்தின்போதோ பிரசவத்துக்குப் பிறகோ இளம்பெண்களின் வயிற்றுத் தசையில் கல் போல வளரும். உடலின் வேறு பகுதிக்குப் பரவாது, ஆனால் இருக்கும் இடத்தில் ஊடுருவும்.

படி 3: உள்ளே இருப்பவை

வலது விலாவுக்குக் கீழே என்றால் கல்லீரல். சாதாரணமாகவே மூச்சை இழுக்கும்போது அதன் விளிம்பு சற்றுத் தட்டுப்படலாம். கொழுப்பு படிதல், ஹெபடைட்டிஸ், இதயச் செயலிழப்பு ஆகியவற்றில் கல்லீரல் பெரிதாகும். மேடும் பள்ளமுமாக, கட்டை போல இருந்தால் புற்றுநோய் பற்றிய கவலை வரும். காய்ச்சலும் தொட்டால் வலியும் சேர்ந்திருந்தால் சீழ்க்கட்டி. அமீபாவால் வரும் சீழ்க்கட்டியைப் பெரும்பாலும் மெட்ரோனிடசோல் மருந்தே குணமாக்கிவிடும். அதன் பிறகு குடலில் மிச்சமிருக்கும் கிருமிக்குத் தனி மருந்து கொடுப்பார்கள். அந்த இரண்டாவது மருந்தைச் சாப்பிடாமல் விட்டால் நோய் திரும்பலாம்.

பித்தப்பையைப் பற்றி 1890இல் கூர்வாசியே என்ற சுவிஸ் அறுவை மருத்துவர் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது. மஞ்சள் காமாலை இருக்கிறது, வலியில்லாமல் பித்தப்பை புடைத்துக் கைக்குத் தட்டுப்படுகிறது என்றால் காரணம் பித்தக்கல்லாக இருக்க வாய்ப்புக் குறைவு. கணையத்தின் தலைப்பகுதியிலோ பித்தநாளத்திலோ புற்று அடைத்திருக்கலாம். வலியில்லாத காமாலையைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டு நாட்டு மருந்தில் வாரங்களைக் கழிப்பவர்களுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல். அது இயல்பான அளவைவிட இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் கைக்கே தெரியும். மலேரியா, கல்லீரல் சுருக்கத்தால் ரத்தநாள அழுத்தம் கூடுதல், தலசீமியா, சில ரத்தப் புற்றுகள் ஆகியவை காரணமாகலாம். பெருத்த மண்ணீரல் சிறு அடியிலும் கிழியக்கூடியது. எனவே காரணம் தெரியும்வரை மோதி விளையாடும் ஆட்டங்கள் வேண்டாம்.

நெஞ்சுக்குழியின் நடுவில் ஆழத்தில் தட்டுப்படுபவை இரைப்பை, கணையம், பெருங்குடலின் குறுக்குப் பகுதி, பெருந்தமனி. இரைப்பைப் புற்று கட்டியாகத் தெரிவதற்கு முன்பே பல அடையாளங்களைக் காட்டும்: கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த உணர்வு, எடை குறைதல், ரத்தசோகை, முந்தைய நாள் உணவு வாந்தியாக வருதல். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா இதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. இரைப்பை அழற்சியிலும் அல்சரிலும் அதன் பங்கைக் கண்டறிந்ததற்காக பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். கணைய அழற்சி வந்து ஒரு மாதத்துக்குப் பிறகு நெஞ்சுக்குழியில் உருண்டை திரண்டால் அது நீர் தேங்கிய போலிப் பையாக இருக்கலாம். பல தானாகவே வற்றிவிடும்.

பெருந்தமனி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. ஒல்லியானவர்களுக்கு வயிற்றின் நடுவில் துடிப்பு தெரிவது இயல்பு. வீக்கம் உள்ள தமனியோ மேல்நோக்கி மட்டும் துடிக்காமல், இருபுறமும் வைத்த விரல்களை விலக்கித் தள்ளும். சுமார் 2 சென்டிமீட்டர் விட்டமுள்ள தமனி 3 சென்டிமீட்டரைத் தொட்டால் வீக்கம் என்கிறார்கள். 65 வயதைக் கடந்த, புகைபிடிக்கும் அல்லது முன்பு புகைத்த ஆண்களுக்கே இது அதிகம். துடிக்கும் கட்டியை அழுத்தவே கூடாது; விரைவில் ஸ்கேன் எடுத்தால் விடை தெரிந்துவிடும்.

மலச்சிக்கலில் இறுகிய மலமும் கட்டி போலத் தட்டுப்படும். அழுத்தினால் குழி விழும், மலம் போனதும் இடம் மாறும் அல்லது மறையும்.

குழந்தைகளுக்கு வேறு கணக்கு

பிறந்து 3 முதல் 6 வாரங்களில், பால் குடித்ததும் பீய்ச்சியடிப்பது போல வாந்தி எடுத்து, உடனே மறுபடியும் பசித்து அழும் குழந்தைக்கு நெஞ்சுக்குழியின் வலப்பக்கம் சிறு உருண்டை தட்டுப்பட்டால், இரைப்பையிலிருந்து உணவு வெளியேறும் வாயின் தசை தடித்திருக்கிறது. முதலில் உடலின் நீரையும் உப்பையும் சரிசெய்து, பிறகு அந்தத் தசையைக் கீறிவிடும் எளிய அறுவை சிகிச்சை செய்வார்கள். வாந்தி பச்சையாக இருந்தால் அது வேறு விஷயம், மிக அவசரம்.

சில மாதங்களிலிருந்து மூன்று வயது வரை, விட்டுவிட்டுக் காலை மடக்கி வீறிட்டு அழுது, மலத்தில் ரத்தமும் சளியும் வந்தால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம். நீள்வடிவக் கட்டி மேல்வயிற்றில் தெரியும். ஆசனவாய் வழியே காற்றோ திரவமோ செலுத்தியே பெரும்பாலும் சரிசெய்துவிட முடியும், நேரத்தோடு போனால்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையைக் குளிப்பாட்டும்போது விலாப்பக்கம் பெரிய, வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் சிறுநீரகக் கட்டியோ நரம்புக் கட்டியோ என்று பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் ஆளாளுக்கு அழுத்திப் பார்ப்பது கூடாது. சிறுநீரகக் கட்டி உடைந்து பரவ அது வழி செய்யலாம். நல்ல செய்தி, இந்தக் கட்டிகளில் வில்ம்ஸ் எனப்படும் சிறுநீரகக் கட்டி முறையான சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகிறது.

படி 4: யாரிடம், என்ன பரிசோதனைக்கு

அவசர அறிகுறி இல்லாவிட்டாலும், இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும் எந்தப் புதுக் கட்டியையும் காட்டிவிடுங்கள். பொது மருத்துவரோ பொது அறுவை சிகிச்சை மருத்துவரோ போதும். அவர் கையால் பார்க்காமலேயே ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தால் "ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்க டாக்டர்" என்று கேட்கத் தயங்க வேண்டாம். படுத்தால் மறையும் ஹெர்னியாவைப் படுக்க வைத்து எடுக்கும் ஸ்கேன் தவறவிடலாம். எந்த நிலையில் கட்டி தெரிகிறது, எங்கே என்று ஸ்கேன் எடுப்பவரிடமும் காட்டுங்கள்.

முதல் பரிசோதனை அல்ட்ராசவுண்ட். பித்தப்பை நன்றாகத் தெரிய சுமார் 6 மணி நேரம் வெறும் வயிற்றில் இருக்கச் சொல்வார்கள். அதோடு ரத்த அணுக்கள், கல்லீரல் செயல்பாடு, தேவைப்பட்டால் கணைய நொதி. ஆழத்தில் கட்டி இருந்தால் சி.டி. ஸ்கேன், அதற்கு ஊசியில் போடும் மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம் என்பதால் முன்பே கிரியேட்டினின் பார்ப்பார்கள். கர்ப்பமாக இருக்க வாய்ப்பிருந்தால் கட்டாயம் சொல்லிவிடுங்கள். இரைப்பை என்று சந்தேகம் வந்தால் எண்டோஸ்கோப்பி.

ஊசியால் திசு எடுக்கும் பயாப்ஸி பற்றிப் பரவலான பயம் ஒன்று உண்டு: "ஊசி பட்டால் புற்று பரவிவிடும்." பெரும்பாலான கட்டிகளுக்கு அந்த ஆபத்து மிகச் சிறியது; பயாப்ஸி இல்லாமல் சரியான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கவே முடியாமல் போவதுதான் பெரிய இழப்பு. ஆனால் எல்லாக் கட்டியிலும் ஊசி போடலாம் என்பதும் இல்லை. கல்லீரலில் நாடாப்புழு வகை ஒன்றால் உண்டாகும் ஹைடாடிட் நீர்க்கட்டியைக் கண்மூடித்தனமாகக் குத்தினால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரலாம். அதனால்தான் முதலில் படம், பிறகு ஊசி.

படி 5: சிகிச்சை

மேல்வயிற்று ஹெர்னியா தானாக மூடிக்கொள்ளாது. மாத்திரை, பெல்ட், உடற்பயிற்சி எதுவும் ஓட்டையை அடைக்காது. தொந்தரவில்லாத சிறு ஹெர்னியாவை மருத்துவரின் ஒப்புதலோடு கவனித்து வரலாம். வலித்தாலோ பெரிதானாலோ அறுவை சிகிச்சைதான். ஓட்டை 1 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் வலை வைத்துத் தைப்பது மறுபடி வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. திறந்தோ லேப்ராஸ்கோப்பி மூலமோ செய்யலாம். சின்ன ஹெர்னியாவுக்கு இரண்டில் எது என்பதைவிட, அறுவைக்கு நான்கு வாரமாவது முன்பே புகையை விடுவதும், எடையையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பதும் புண் ஆறுவதில் அதிக வித்தியாசத்தைக் காட்டும் என்பது என் கருத்து.

கொழுப்புக்கட்டியும் தோல்நீர்க்கட்டியும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து எடுக்கக்கூடியவை, தொந்தரவில்லையென்றால் விட்டுவிடலாம். தசைக்குள் கட்டிய ரத்தம் பெரும்பாலும் ஓய்விலேயே கரையும். டெஸ்மாய்டைக் கண்டதும் வெட்டும் காலம் போய்விட்டது: பல கட்டிகள் வளராமல் நிற்பதாலும் சில தானே சுருங்குவதாலும், முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கண்காணிக்கிறார்கள்.

பெருந்தமனி வீக்கம் சின்னதாக இருந்தால் குறிப்பிட்ட கால இடைவெளியில் ஸ்கேன், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை நிறுத்துதல். ஆண்களுக்கு 5.5, பெண்களுக்கு 5 சென்டிமீட்டர் அளவை எட்டும்போது, உடைவதற்கு முன்பே சரிசெய்யப் பரிந்துரைப்பார்கள். வயிற்றைத் திறந்தோ, தொடை வழியாக ஸ்டென்ட் செலுத்தியோ செய்யலாம்.

கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருந்தால் சிகிச்சை காரணத்துக்குத்தான், வீக்கத்துக்கு அல்ல. மலேரியா குணமானால் மண்ணீரல் மெல்லச் சுருங்கும். ராட்சத மண்ணீரலை உண்டாக்கும் ஒரு வகை ரத்தப் புற்றுக்கு 2001இல் வந்த இமாடினிப் மாத்திரை, அடுத்த ஆண்டே இரைப்பையில் வளரும் ஜிஸ்ட் என்ற கட்டிக்கும் அனுமதி பெற்றது. இரண்டு இடங்களும் தொடர்பற்றவை. ஆனால் செல்லுக்குள் கோளாறாகும் புரதங்கள் நெருங்கிய வகையைச் சேர்ந்தவை. மருந்தை முடிவுசெய்வது கட்டியின் இடம் அல்ல, அதன் வகை. பயாப்ஸி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. மற்ற புற்றுகளுக்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகியவற்றின் வரிசை நோயின் நிலையைப் பொறுத்து மாறும். இரைப்பைப் புற்றுக்கு அறுவைக்கு முன்பே கீமோ தொடங்குவது இப்போது பரவலான முறை. "ஆபரேஷன் செய்யாமல் தள்ளிப்போடுகிறார்கள்" என்று பதற வேண்டாம்.

செய்யக் கூடாதவை என்று ஒரு சிறு பட்டியலும் உண்டு. எண்ணெய் போட்டு உருவுவது, சூடு வைப்பது, கட்டியைப் பிதுக்குவது, உள்ளே போகாத ஹெர்னியாவைப் பலங்கொண்டு தள்ளுவது, "கட்டி கரைக்கும்" பெயரில் விற்கும் பொடிகளை நம்பிக் காத்திருப்பது. வலி மாத்திரையும் தொடர்ந்து எடுத்தால் இரைப்பையைப் புண்ணாக்கி, இருக்கும் குழப்பத்தை இன்னும் கூட்டும்.

அறுவைக்குப் பிறகு

ஹெர்னியா அறுவை முடிந்தால் அன்றோ மறுநாளோ வீட்டுக்குப் போகலாம். நடப்பதை முதல் நாளே தொடங்குங்கள். கனமான பொருள் தூக்குவதை 4 முதல் 6 வாரம் தள்ளிவையுங்கள். இருமும்போதும் தும்மும்போதும் தையலின் மேல் தலையணையை அணைத்துக்கொண்டால் வலி குறையும். மலச்சிக்கல் வராமல் தண்ணீரும் நார்ச்சத்தும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் முக்குவதும் தையலை இழுக்கும். அறுத்த இடத்தில் சில நாள் கழித்து மெத்தென்று ஒரு வீக்கம் வந்தால் "திரும்ப வந்துவிட்டதோ" என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் அது தேங்கிய நீர், சில வாரங்களில் தானே வற்றும். சிவந்து சூடாகி, சீழ் கசிந்து, காய்ச்சலும் வந்தால் அடுத்த பரிசோதனைத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள். எடுத்த திசுவின் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்கி, ஸ்கேன் படங்களோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் அதே இடத்தில் ஏதாவது தட்டுப்பட்டால் புது மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.